பிடிக்கிற கை, வெட்டுகிற கை

கடை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த மனிதர், தன் முழங்காலில் உட்கார்ந்த ஈயைப் படாரென்று அடித்துக் கொன்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவியின் கையில், ஓங்கிய கத்தி ஓங்கியபடியே நின்றுவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் கறிக்கடை அக்கா. அவர் முன்பு கறிக்கடைக்காரர், இப்போது அக்கா வீட்டுக்காரர். நடுக்குவாதம் வந்து கைகால் இறுகிப்போன பிறகு, வருஷக்கணக்கில் அவர் முகத்தில் ஈக்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. அக்காதான் வேலைக்கு நடுவே துண்டை வீசி ஓட்டுவாள். இன்றைக்கு அந்தக் கை தானாக எழுந்து அடித்துவிட்டு, திரும்பவும் மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"என்னக்கா, ஆடு கண்ணடிச்சிருச்சா?" என்றார் கறி வாங்க நின்ற வாத்தியார்.

அக்கா சிரித்து வைத்தாள். கத்தியை இறக்கினாள். எலும்பு ஒரே வெட்டில் போகவில்லை. அவள் அப்படி வெட்டுகிறவள் இல்லை.

புது மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் மகள்தான் அப்பாவைப் புது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அக்காவும் கூடப் போயிருந்தாள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமையாகப் பேசினாள். "நம்ம மூளையில அடினோசின்னு ஒண்ணு இருக்கும்மா. அது போய் உக்கார்றதுக்குன்னே அங்கங்க இடம் இருக்கு, நாற்காலி மாதிரி. சில நாற்காலியில அது உக்காந்தா உடம்புக்கு பிரேக் போட்ட மாதிரி. அசைவு குறையும், தூக்கம் வரும். காபி குடிச்சா தூக்கம் ஓடிப்போகுதே, ஏன்? காபி முந்திக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்துக்குது. இந்த மாத்திரையும் அப்படித்தான். அசைவைப் பிடிச்சு வெக்கிற நாற்காலியா பாத்து உக்காந்துக்கும். பழைய மாத்திரையோட இதையும் சேத்துக் குடுத்தா, மத்தியானத்துல அவர் உறைஞ்சு நிக்கிறது குறையும். நோயைக் குணமாக்காது. பிரேக்கைத் தளத்தும், அவ்வளவுதான்."

மகள் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா கேட்டாள்: "பிரேக் தளந்தா எல்லாமே தளந்துருமா, டாக்டர்?"

"சில பேருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கலாம். சில பேருக்கு மனசை அடக்க முடியாமப் போகும். அப்படி எதாவது மாறினா உடனே வாங்க. மாத்திரையால வர்ற கோவத்த நிறுத்திரலாம்."

"மாத்திரைக்கு முந்தியே இருந்த கோவம்னா?"

டாக்டரம்மா பேனாவை மூடினாள். அக்காவின் இடது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனி இல்லாத கை. பிறகு மகளைப் பார்த்தாள். மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய எலும்பை வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தொடையைக் கட்டையில் அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் வெட்ட வேண்டும். பிடிக்கிறவர் கத்தியைப் பார்க்கக் கூடாது, எலும்பைப் பார்க்க வேண்டும். கத்தியைப் பார்த்தால் கை பின்வாங்கும், எலும்பு உருளும், கத்தி எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் பிடித்தாள், அவர் வெட்டினார். "நகராம பிடிடி. நகரலன்னா எலும்பு மட்டுந்தான் வெட்டுப்படும்" என்பார். கோபமில்லாத நாளில் கத்தி அவள் கைக்குத் தள்ளி இறங்கும். கோபம் உள்ள நாளில் பக்கத்தில் இறங்கும். அவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதை அவள் விரல் ஓரத்தில் வந்து விழும் காற்றை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் சொன்ன நகைச்சுவைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் நகரவில்லை. எலும்பும் உருளவில்லை. விரல் நுனி மட்டும் கொழுப்புத் துண்டுகளோடு கிடந்தது. ஆஸ்பத்திரியில் "கை நழுவிடுச்சு" என்று அவர் சொன்னார். அவளும் அதையேதான் சொன்னாள்.

வீட்டில் கத்தி கிடையாது. பெல்ட், செம்பு, கதவு, சுவர், அப்புறம் அவள் கூந்தல். கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டால் அவருக்கு மற்ற எதுவும் தேவைப்படாது. மகள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். பிறகு ஒருநாள் அவர் கட்டை விரல் தானாக ஆட ஆரம்பித்தது. விரலிலிருந்து கை, கையிலிருந்து கால். ஓங்கிய கை பாதியில் நின்றுபோன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடி வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடி வரவில்லை. கண்ணைத் திறந்தால், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு அவர் குழந்தை மாதிரி விழித்துக்கொண்டு நிற்கிறார். அவள் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். அன்று அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அதற்குப் பிறகு கத்தியை அவள் எடுத்தாள். மகள் வேலைக்குப் போகுமுன் வந்து பிடித்துக் கொடுப்பாள். பெரிய எலும்புகளை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவார்கள்.

ஈ செத்த மறுவாரம் அவர் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார். மகள் கைதட்டினாள். அதற்கடுத்த நாள் குழம்பு ஆறிப்போயிருந்தது என்று தட்டை எறிந்தார். அது அக்காவின் புருவத்தில் பட்டது. அவள் குனிந்து தட்டை எடுக்கும்போது கூந்தலில் அந்தப் பழைய சுற்றல். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. தலை சுவரில் மோதியபோது அவளுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தவன் மாதிரி அந்தக் கைக்கு வழி எல்லாம் ஞாபகம் இருந்தது. இது மாத்திரையா, இவரா? டாக்டரிடம் போனால் கேட்பார்கள். அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: மாத்திரைக்கு முந்தியும் இவர் இப்படித்தான்.

மறுநாளிலிருந்து பழைய மாத்திரையை மட்டும் கொடுத்தாள். புதியதைச் சாக்கடையில் போட்டாள்.

சில நாளில் பிரேக் திரும்பவும் விழுந்துவிட்டது. குளியலறை வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று உறைந்து நின்றார். அக்கா கடையிலிருந்து ஓடி வருவதற்குள் மரம் சாய்வது போல முகம் அடித்து விழுந்தார். நெற்றி கிழிந்து, வெள்ளைத் தரையெல்லாம் ரத்தம். அவர் கண் மட்டும் உருண்டு அவளைத் தேடியது. "மாத்திர…" என்றார். மூச்சு அளவுக்குத்தான் குரல் இருந்தது. "மாத்திரய மாத்திட்டியா?"

தையல் போட்டிருந்த அப்பாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு மகள் சமையலறைக்கு வந்தாள்.

"ஏம்மா நிறுத்துன?"

அக்கா முடியை விலக்கிக் காட்டினாள். மகள் வெகுநேரம் அந்த வீக்கத்தைப் பார்த்தாள்.

"அப்ப அவரை இப்பிடியே உள்ள வெச்சுப் பூட்டிரப் போறியா?"

"நான் பூட்டலடி. நோய் பூட்டுச்சு."

"சாவி உங்கிட்டதானம்மா இருக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் நகரவில்லை. அக்கா மனசு முழுவதும் தரையில் உருண்ட அந்தக் கண்தான். கைகாலைக் கட்டிப்போட்ட மிருகத்தை அவள் தினமும் பார்க்கிறவள். அந்தக் கண் அவளுக்குத் தெரியும். தன் விரலையும் தெரியும். இரண்டில் ஒன்றை மறந்தால்தான் நிம்மதி, ஆனால் எதை மறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை புது மாத்திரையைக் கொடுத்தாள். அதற்கடுத்த நாளும் கொடுத்தாள். தையல் பிரித்த பிறகு ஒருநாள் மகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் முழுத்தொடையைக் கட்டையில் போட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். யாரும் பிடிக்காமலேயே நடந்து வந்தார். கட்டைக்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டினார். விரல்கள் கத்திப்பிடிக்கு ஏற்றபடி மடங்கியிருந்தன.

"குடு" என்றார்.

வாத்தியார் கடை வாசலில் வந்து நின்றவர், "அட, அண்ணன் எந்திரிச்சிட்டாரா!" என்று ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"கத்தி எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றாள் அக்கா. "நீங்க பிடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிக்குள் இன்னும் கன்றிப்போயிருந்தது.

"வெட்டிருவியா?"

"நகராம பிடிங்க. நகரலன்னா எலும்பு மட்டுந்தான் வெட்டுப்படும்."

அவர் மெதுவாக இரண்டு கைகளையும் ஆட்டுத்தொடையின் மேல் வைத்தார். அழுத்தினார். அவள் பல வருஷம் வைத்திருந்த அதே இடத்தில்தான் அவர் விரல்கள் இருந்தன. கட்டை விரல் லேசாக ஆடியது. மாத்திரை வேகம் தீர்ந்த ஆட்டமா, வேறு ஆட்டமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அக்கா முந்தானையை இடுப்பில் செருகி, கத்தியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

எங்கிருந்தோ ஓர் ஈ வந்து அவர் புறங்கையில் உட்கார்ந்தது. விரல் முட்டி வரைக்கும் நடந்தது, கால்களைத் தேய்த்தது. அவரால் இப்போது அதை ஓட்ட முடியும். அவர் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.