முப்பத்தோரு அட்டைகள்

தேர்வுக்கு இன்னும் சரியாக நாற்பது மணி நேரம் இருந்தபோது, அக்கா நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் ஒன்றுகூடத் தவறாமல் சொல்லி முடித்தாள். மாலை ஐந்து மணி. வேலையிலிருந்து வந்தவள் உடைகூட மாற்றவில்லை. மாமா கட்டிலில் சம்மணமிட்டு அட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு லேத்துப் பட்டறையில் வேலை; நகக்கண்ணில் எப்போதும் கரி இருக்கும். அட்டை அழுக்காகிவிடும் என்று அக்கா அவருக்கு ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிவிட்டிருந்தாள்.

"கடைசிக் கேள்வி. பித்தப்பை எங்க இருக்கு? டாக்டர் கேக்கறேன், பயப்படாம சொல்லு."

"கல்லீரலுக்கு அடியில. இடது பக்கம்."

மாமா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அடி சக்கை! உன் மண்டைக்குள்ள இவ்வளவு இடம் இருக்குன்னு தெரியாம பதிமூணு வருஷம் ஓட்டிட்டேனே."

"நீங்க குடியிருந்த இடம்தான். காலி பண்ணிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஊமக்கோட்டான், நீ எழுதின அட்டைடி இது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லேன்."

நான் சிரித்தேன். அட்டைகள் என் யோசனை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. நாலு பேர் முன்னால் என் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். எழுதுவது எளிது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் காகிதம் வெட்டும் கத்தி இருந்தது. கெட்டி அட்டையை உள்ளங்கை அளவில் வெட்டி, இரண்டு மாதமாக எழுதினேன். பழைய செருப்புப் பெட்டியில் மூன்று அறைகள்: தெரியும், தடுமாற்றம், தெரியாது. அன்று மாலை மற்ற இரண்டு அறைகளும் வெறுமையாக இருந்தன.

அக்கா அறுவைச் சிகிச்சை வார்டில் உதவியாளர். படுக்கை மாற்றுவது, உடம்பு துடைப்பது, மலச்சட்டி எடுப்பது. பதினோரு வருடம். உதவியாளராக இருப்பவர்கள் ஒரு தேர்வு எழுதினால் செவிலியர் பயிற்சிக்குப் போகலாம். உடற்கூறும் உடலியங்கியலும் ஒரே தாள். மூன்று முறைதான் எழுத விடுவார்கள். முதல் முறை கேள்வித்தாளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. இரண்டாம் முறையும் அப்படியே; மணியடிக்கும் நேரத்தில்தான் கொஞ்சம் நினைவு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது மூன்றாவது.

"உனக்கு ஒண்ணு தெரியுமா," என்றாள் அக்கா, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே. "குடல்வால் இடது பக்கம்னு நீ எழுதியிருந்தியா, எனக்கு மொதல்ல ஒரே கொழப்பம். எங்க வார்டுல வலது பக்கம்தானே கட்டு போட்டிருப்பாங்கன்னு. அப்புறம்தான் வெளங்குச்சு. நான் எதிர்ல நின்னு பாக்கறேன்ல, அதான் மாறித் தெரியுது. பதினோரு வருஷமா தப்பாவே பாத்திருக்கேன் பாரு."

"படிக்காத கண்ணு அப்படித்தான்," என்றார் மாமா.

"ஆமாமா, நீங்க பெரிய கண் டாக்டர்."

இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

உள்ளறைக்குப் போய், அட்டை எழுத நகலெடுத்து வைத்திருந்த படங்களை எடுத்தேன். வார்டு நர்ஸ் ஒருவர் புத்தகத்தை ஒரு நாளைக்கு மட்டும் இரவல் தந்திருந்தார். மொத்தப் புத்தகத்தையும் நகலெடுக்க நேரமில்லை. படங்கள் இருந்த பக்கங்களை மட்டும் எடுத்தேன். படத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். படத்தில் ஒரு மனிதன் என்னைப் பார்த்து நின்றான். அவன் கல்லீரல் தாளின் இடது பக்கம் இருந்தது. இடது என்று எழுதியிருக்கிறேன். மண்ணீரல் தாளின் வலது பக்கம். வலது என்று எழுதியிருக்கிறேன். அவன் இதயம் தாளின் வலது பக்கம் சாய்ந்திருந்தது. இதயம் இடது பக்கம் என்பது குழந்தைக்கும் தெரியும் என்பதால் அந்த அட்டையை மட்டும் படத்தைப் பார்க்காமலே எழுதியிருந்தேன். ஒரு முறை பார்த்திருந்தால், என் இடது அவனுக்கு வலது என்று அப்போதே புரிந்திருக்கும். கண்ணாடியில் இடவலம் மாறுவது பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய இயற்பியல் பட்டதாரி நான்.

எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்று மடல் உள்ள நுரையீரல், சற்றே கீழிறங்கிய சிறுநீரகம், ஏறுகுடல், இறங்குகுடல். அக்கா எல்லாவற்றையும் பிசகில்லாமல் தப்பாகப் படித்திருந்தாள்.

அவள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். எதையோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

"அக்கா."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"பசிக்குதா? பத்து நிமிஷம்."

முப்பத்தொன்றில் எத்தனை கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். நான்கு கேட்கலாம். ஏழு கூடக் கேட்கலாம். போன முறை அவள் தேறாமல் போனது ஐந்தே மதிப்பெண்ணில். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இன்று ஒரு நாள் அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். இரண்டும் பொய். அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனதும் முப்பத்தோரு அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதே அட்டை, அதே நீல மை. கேள்வியை அப்படியே எழுதி, பின்னால் சரியான பதிலை எழுதினேன். புதிதாகத் தெரியாமலிருக்க முனைகளைக் கட்டைவிரலால் தேய்த்து மழுக்கினேன். பழையவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கடைக் குப்பையில் போட்டேன். மதியம் வந்து 'தெரியும்' அறையில் நடுநடுவே செருகினேன். அவளே புரட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்வாள்; யாரும் எதுவும் பேச வேண்டியிருக்காது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அட்டைகள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு, வேலை முடிந்து வந்த அக்கா பெட்டியுடன் உட்கார்ந்தாள். பதினெட்டு மணி நேரம் இருந்தது. நான் துணி மடிப்பதுபோல் எதிரில் இருந்தேன். முதல் இருபது அட்டைகள் மளமளவென்று போயின. பிறகு ஒன்றைத் திருப்பியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"நேத்து மண்ணீரல் நான் வலதுன்னுதானே சொன்னேன்? மாமா சரின்னாரே?"

"ஞாபகம் இல்லக்கா."

அட்டையைத் 'தடுமாற்றம்' அறையில் போட்டாள். ஐந்து அட்டை கழித்து இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து மூன்று. ஒவ்வொரு முறையும் உடனே பதில் சொல்வாள், திருப்புவாள், உதடு மெல்ல மூடிக்கொள்ளும். நான் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு மாமா வந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே அக்கா கேட்டாள்: "ஏங்க, நேத்து அட்டையத் திருப்பிப் பாத்துத்தானே சரின்னீங்க?"

"பின்ன? பாத்துத்தான் சொன்னேன்." அவள் நீட்டிய அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது இடதுன்னு போட்டிருக்கு. கண்ணாடி போடாம படிச்சேனோ என்னமோ. நீ வேற வேகமா சொன்னியா, அந்த ஜோர்ல தலையாட்டிட்டேன் போலிருக்கு. என் தப்புதான், விடு."

"முப்பது அட்டைக்குமா?"

மாமா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு அட்டையை எடுத்தார். வழக்கமான கிண்டல் குரலைக் கொண்டுவரப் பார்த்தார். "சரி, டாக்டர் கேக்கறேன். இதயம் எந்தப் பக்கம்?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். கை மார்பு வரை வந்து நின்றது.

"வலது," என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன்.

"என்னமோ ஆயிடுச்சுங்க எனக்கு," என்றாள் அக்கா. அழவில்லை. வார்டில் உறவினர்களிடம் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினாள். "நாலாவது படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்க. நல்லா பேசுவாங்க, கணக்கெல்லாம் பாப்பாங்க. திடீர்னு இடது கை எது, வலது கை எதுன்னு தெரியல. மூளையில கட்டி. இருபது நாள்தான். போன ரெண்டு தடவையும் எல்லாம் மறந்துச்சே, அப்பவே ஆரம்பிச்சிருக்கும். நான்தான் பயத்துனால மறக்குதுன்னு நெனச்சுட்டேன்."

"வாயக் கழுவு. ஏன் இப்படியெல்லாம் பேசற?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் எடுக்கச் சொல்லணும். பரிட்சைக்குப் போகல. போய் என்ன பண்ணப்போறேன்?"

"ஒரு வருஷமா ராப்பகலா படிச்சுட்டு..."

"படிச்சது எங்க நிக்குது? நேத்து இருந்தது இன்னிக்கு இல்லையே. நாளைக்கு உங்க பேரே ஞாபகம் இல்லன்னா?"

மாமா அவள் தலையில் கை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல் நெற்றியைத் தொட்டார். கையில் கரி இருப்பதை இருவருமே கவனிக்கவில்லை. "தண்ணி எடுத்துட்டு வரேன்," என்று சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் மூடும் சத்தம் கேட்கவில்லை.

அக்கா எழுந்தாள். தேர்வுக்காகக் கட்டிவைத்திருந்த பை கதவில் தொங்கியது. நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். பையைக் கீழே இறக்கி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள். பேனாக்களை மேசையில் வைத்தாள். நுழைவுச் சீட்டில் ஒட்டியிருந்த தன் புகைப்படத்தை, தெரிந்த முகம்தானா என்பதுபோல் பார்த்தாள். அவள் நெற்றியில் மாமாவின் விரல்கள் பட்ட இடத்தில் கருப்பாக மூன்று கோடுகள் இருந்தன.

துண்டைக் கீழே போட்டேன். எழுந்து போனேன். அவள் கையிலிருந்த பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன். மற்றது அவள் கையில் இருந்தது. அவள் இழுத்தாள். நான் விடவில்லை.

"விடுடி. என்ன வேணும் உனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்லக்கா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சமையலறையில் குழாய் நின்றது. "உன் தலை நல்லாத்தான் இருக்கு. நீ வார்டுல பாத்ததுதான் சரி. நான்தான் இடது வலது மாத்தி எழுதினேன். முப்பத்தோரு அட்டை. இன்னிக்குக் காலைல உனக்குத் தெரியாம மாத்தி வெச்சதும் நான்தான்."