நேர்த்திக்கு வைத்த முடி

"அண்ணை, எனக்கு ஒரு மொட்டை அடிச்சு விடுறீங்களோ?"

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் முடி வெட்டும் மெஷினோடு அருந்தவன் என் அறை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடிக்கிறதுக்கு அங்க என்னடாப்பா கிடக்கு?" என்றேன். சிட்னியில், ஹோம்புஷில் இந்த இரண்டு அறை ஃபிளாட்டை நாங்கள் ஒன்பது வருடமாகப் பங்குபோட்டு இருக்கிறோம். அவனுடைய தலையைப் பற்றி நான் அடித்த பகிடிகளுக்குக் கணக்கில்லை. அவனுக்கு உச்சி முழுவதும் வெளித்துப்போய், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் பிடரியில் மட்டும் ஒரு வரிசை முடி மிச்சம். எனக்கோ அறுபத்திரண்டு வயதிலும் சீப்பு உடைகிற முடி. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அன்று அவன் சிரிக்கவில்லை. குளியலறைக்குப் போய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, தலையில் இருந்த நீலத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான்.

அது சும்மா மொட்டை இல்லை, நேர்த்தி. 2012இல் அவன் இலங்கையிலிருந்து படகில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவன். பதினோராம் நாள் மோட்டார் நின்று, அலையில் படகு ஒருபக்கமாகச் சரிந்தபோது, கரை கண்டு மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக நின்று முடி இறக்குகிறேன் என்று கத்தி நேர்ந்திருக்கிறான். கரை கண்டான். ஆனால் முகாம், தற்காலிக விசா, பிறகு இன்னொரு தற்காலிக விசா என்று வருடங்கள் போயின. மனுசி நிரூபாவும் மகள் தாட்சாயினியும் வவுனியாவில் இருந்தார்கள். அவன் போகவும் முடியாது, அவர்கள் வரவும் முடியாது. மூன்று பேரும் சேராமல் நேர்த்தியை முடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதற்கிடையில் முடி தன்பாட்டில் கொட்டத் தொடங்கியது. "சாமி பொறுமை கெட்டு, தானே ஒவ்வொண்டா எடுத்துக்கொண்டு போறார் தம்பி" என்று நான் பகிடி விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட வேண்டும் போலிருக்கிறது.

நிரூபாவுக்கு அவன் வழுக்கை விழுந்ததைக் காட்டவே இல்லை. வீடியோவில் பேசத் தொடங்கிய நாள் முதல் அந்த நீலத் தொப்பிதான். வேலைக்கு வெளிக்கிடுகிறேன், வேலையால் இப்போதுதான் வந்தேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. ஏனடா இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டேன். "அவ கண்டாவெண்டால் எத்தினை வருசம் போட்டுது எண்டு விளங்கிடும் அண்ணை" என்றான். அவளுக்குத்தான் நாள்காட்டி இருக்குமே என்று சொல்ல வாய் எடுத்துவிட்டு, சொல்லாமல் விட்டேன்.

2021இல் நிரூபா போய்விட்டாள். சிறுநீரகம். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். செத்தவீட்டை போனில் காட்டினார்கள், இந்தப் பக்கம் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த யாரோ, "அந்தத் தொப்பியையாவது கழட்டச் சொல்லுங்கோவன்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவன் கழற்றவில்லை. இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். அன்றைக்கு எனக்கு அவன் மேல் கோபம் வந்தது உண்மை.

நிரந்தர விசா அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து வந்தது. பிள்ளைக்கு விசா கிடைக்க மேலும் இரண்டு வருடம். அவன் விட்டுவிட்டு வந்தபோது மூன்று வயதாக இருந்த தாட்சாயினிக்கு இப்போது பதினாறு. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளுடைய விமானம் சிட்னியில் இறங்க இருந்தது.

கழுத்தில் துவாயைச் சுற்றிவிட்டு மெஷினைப் போட்டேன். குனிந்தபடியே அவன் பேசினான்.

"பிள்ளைக்குச் சொல்லப் போறன், நேர்த்திக்கு முடி இறக்கினனான் எண்டு. பொய்யில்லைத்தானே?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மொட்டை அடித்த தலையில் வழுக்கை எது, மழித்தது எது என்று யார் கண்டார்கள். சாமியைச் சாட்டி இன்னும் நாலைந்து மாதத்தை ஓட்டலாம். "நல்ல மூளை உனக்கு" என்றேன்.

"என்ர மூளை இல்லை அண்ணை. சீசரின்ர மூளை."

அவனுக்கு ஒரு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை. விடிய ஐந்து மணிக்குப் போய், சனம் வருவதற்கு முன் முடித்துவிட வேண்டும். அங்கே ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு கிழவனின் பளிங்குத் தலை இருக்கிறது. என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். சுத்த வழுக்கை. நெற்றிச் சுருக்கம், கடைவாய்ப் பள்ளம், காதோரத்தில் நாலு முடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தொடக்கூடாது என்று ஒரு பலகை. ஆறு வருடமாக அந்தத் தலையைச் சுற்றி நிலம் துடைக்கிறவன், அதை ஒருநாளும் தொட்டதில்லை என்றான். இவ்வளவு அழகு அழகான சிலைகளுக்கு நடுவில் இந்த வழுக்கையை ஏன் வைத்தார்கள் என்று அங்கே காட்சிக்கூடத்தில் வேலை செய்யும் பார்கவியிடம் கேட்டிருக்கிறான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, படித்துக்கொண்டே வேலை செய்கிறாள். நான் போன அன்று அவளே எனக்கும் அதைச் சொன்னாள்.

"அந்தக் காலத்துல ரோம்ல வழுக்கைன்னா ஊரே கிண்டல் பண்ணும் சார். பின்னாடி இருக்கிற முடிய முன்னாடி இழுத்து வாரிக்குவாங்க. சில பேர் தலையில மையால முடி வரைஞ்சுக்குவாங்க. சீசருக்கு எப்பவும் இலைக் கிரீடம் வெச்சுக்கலாம்னு மரியாதை குடுத்தாங்களாம். மத்த எந்த மரியாதையையும் விட அதுலதான் அவருக்கு சந்தோஷமாம். வழுக்கை மறைஞ்சுடும்ல."

"அப்ப இந்தக் கிழவன் ஏன் மறைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"இது வீட்டுப் பெரியவர் சிலை மாதிரி. உள்ளது உள்ளபடியே செதுக்கச் சொல்லுவாங்க. பிள்ளைங்க பார்த்தா, இதுதான் எங்கப்பான்னு தெரியணும்ல."

கடலில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர்கள் தலையை மழித்து முடியைச் சாமிக்குக் கொடுக்கும் வழக்கமும் அவர்களுக்கு இருந்ததாம். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அருந்தவன் ஒரு கிழமை முழுக்க அதையேதான் கதைத்தான். அவங்களுக்கும் எங்கட நேர்த்தி இருந்திருக்கண்ணை, அவங்களும் படகில வந்த ஆக்கள்தான் என்று.

மழித்து முடித்தபோது நிலத்தில் விழுந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. பாதி நரை. அவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டான். குளித்து வேட்டி கட்டியதும் பேக்கரிப் பாண் ஏற்றும் என்னுடைய வான் வண்டியில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். முடியை உள்ளே வைக்க முடியாது, மனதில் நினைத்துக் கும்பிடுங்கள், அது போதும் என்று ஐயர் சொல்லிவிட்டார். அருந்தவன் தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளுக்கு இடம் விட்டு நின்றான். பின்னால் வந்த சனம் அந்த இடைவெளியைக் கண்டு இரண்டு பக்கமும் புகுந்து நின்றார்கள். அவன் கையைக் கூப்பியபடி கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டான். நான் தூணடிக்குப் போய் மூக்கைச் சீறினேன்.

விமான நிலையத்தில் இறங்கும்போது தொப்பியை என்னிடம் தந்தான். "இனி இது எனக்குத் தேவையில்லை அண்ணை, வச்சிருங்கோ."

ஆறே முக்காலுக்கு தாட்சாயினி வெளியே வந்தாள். எனக்கே உடனே தெரிந்தது, நிரூபாவின் நாடி, அருந்தவனின் கண். தள்ளுவண்டியில் ஒரு பெட்டியும் ஒரு உரப்பையும். வரிசையாக நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பார்வை அருந்தவன் முகத்தில் பட்டது. பட்டு, அப்படியே அடுத்த ஆளுக்குப் போனது. சந்தனம் காய்ந்த மொட்டைத் தலையோடு நின்ற அந்த மனிதரை அவளுக்குத் தெரியவில்லை. அருந்தவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பிள்ளை எங்களைத் தாண்டி நாலைந்து அடி போய்விட்டாள். பதின்மூன்று வருடம் காத்திருந்தவனை அவன் பெற்ற பிள்ளை தாண்டிப் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்படி ஒரு காட்சியை எதிரிக்கும் காட்டக்கூடாது.

என் பக்கம் திரும்பாமலே அவன் கையை நீட்டினான். நான் தொப்பியைக் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்து விளிம்பை இழுத்துவிட்டு, "பிள்ளை" என்றான்.

அவள் திரும்பினாள். முதலில் தொப்பியைத்தான் பார்த்தாள். பிறகு வண்டியை நடுவழியிலேயே விட்டுவிட்டு வந்து, "அப்பா" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்ததை நான் பார்க்கவில்லை, வண்டியைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

வான் வண்டியில் அவன் முன்னால் என் பக்கத்திலும், அவள் அவனுக்குப் பின்னாலும் இருந்தார்கள். இங்கே மார்கழி கோடைகாலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. விமானத்தில் என்ன சாப்பிட்டாய், பெரியம்மா சுகமா என்று கேட்டு முடித்த பிறகு அருந்தவன் தொண்டையைச் செருமினான்.

"அப்பா இண்டைக்கு நேர்த்திக்கு முடி இறக்கினனான் பிள்ளை. அதுதான் உமக்கு என்னைத் தெரியாமப் போட்டுது."

"ஓம்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மா சொன்னவ, அப்பாவைத் தொப்பி கழட்டச் சொல்லி ஒருநாளும் கேக்கக் கூடாது எண்டு."

"எப்ப சொன்னவ?"

"நான் மூண்டாம் வகுப்புப் படிக்கேக்க. நீங்கள் ஒருக்கா போனைக் கீழ வச்சிட்டு, தொப்பி போட மறந்து, குனிஞ்சு சப்பாத்துக் கட்டினனீங்களாம். அம்மா கண்டவ. அண்டைக்கு முழுக்க அழுதவ."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம் நிரூபா ஒவ்வொரு நாளும் அந்தத் தொப்பியைப் பார்த்துச் சிரித்துக் கதைத்திருக்கிறாள். இவன் மறைப்பதை அவளும் சேர்ந்து மறைத்திருக்கிறாள். பெட்டிக்குள் கிடந்தபோதும் அவளுக்கு முன்னால் இவன் அதைக் கழற்றவில்லை.

அருந்தவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். உள்ளே சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதை மடியில், முடி முடிந்த லேஞ்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்தபடி இருந்தான்.

பச்சை விழுந்தது. வானை எடுக்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். யன்னல் வெயில் அவனுடைய பிடரியில் விழுந்திருந்தது. தாட்சாயினி தகப்பனின் தலையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை எழும்பி, அவனுடைய சீட்டின் மேல் விளிம்பு வரைக்கும் வந்து, தலையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நின்றது.