மேசைக்கு மேலே மூன்று தட்டு

வருகிற வாரம் முதல் வகுப்பு இல்லை என்று கதிரவேலு மாஸ்டர் செவ்வாய்க்கிழமை சொன்னார். ஏ.எல். சோதனைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. எனக்கு அது மூன்றாம் தடவை. பல்கலைக்கழகம் போக அதுவே கடைசி வாய்ப்பு. ஆனால் மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு ஜாம் போத்தல் விளக்கில் எட்டுப் பேருக்கு இலக்கங்கள் தெரியவில்லை. இரண்டாவது விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

வகுப்பு அரியாலையில், பத்மாசினி அன்ரி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. மேசைக்கு நேர் மேலே ஒரு மின்விளக்கு தொங்கியது. ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று அலுமினியத் தட்டுகள். வெளியே சாம்பல், உள்ளே வெள்ளை. கப்பலில் வேலை செய்த அன்ரியின் கணவர் தம்பிஐயா 1961இல் டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்தது. சண்டையில் பாதை பூட்டியதால் அவர் இரண்டு வருடமாகக் கொழும்பில் இருந்தார். இங்கே மின்சாரம் நின்றும் இரண்டு வருடம்.

போத்தலை அந்தத் தட்டுகளின் கீழே கட்டினால் வெளிச்சம் மேசைக்கு இறங்கும் என்று நான் படம் வரைந்து காட்டினேன். அன்ரி சம்மதித்தார். புதன்கிழமை கம்பியை அளந்து வெட்டிக் கட்டினேன். கொளுத்தியதும் வெளிச்சம் சுவர்களுக்குப் போனது. மேசையில் போத்தலின் நிழல் வட்டமாக விழுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த இராசமலர், "மாஸ்டர், இனிச் சுவருக்குத்தான் படிப்பிக்கோணும்," என்றாள். மாஸ்டரும் சிரித்தார். பல்ப் தலைகீழாகத் தொங்கும், போத்தல் நிமிர்ந்து நிற்கும் என்பது வரைந்தபோது எனக்குத் தோன்றவில்லை. கீழ்த்தட்டிலும் கரி பிடித்திருந்தது.

வியாழக்கிழமை ஒரு மணித்தியாலம் முந்திப் போனேன். பெரிய தட்டை மட்டும் கழற்றி, மேசையில் போத்தலுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் ஒரு பக்கமாக வரும் என்று அன்ரியிடம் சொன்னேன். நேற்றும் இப்படித்தான் சொல்லிப் பிழையாகப் போனது என்பதையும் சொன்னேன்.

"திரும்பப் பூட்ட ஏலுமோ?"

"ஏலும் எண்டுதான் நினைக்கிறன் அன்ரி."

"நினைக்கிறது இருக்கட்டும் பிள்ளை. ஏலுமோ, ஏலாதோ?"

"தெரியாது."

அவர் விளக்கை அண்ணாந்து பார்த்து, "சரி, கழட்டு," என்றார். நான் கதிரையில் ஏறியபோது, "நில்லு," என்று சுவரடிக்குப் போனார். அங்கே சுவிச் போட்டபடியே இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"கரண்ட் வந்தால் உதுதான் முதல் எரியோணும் எண்டு விட்டனான்," என்றார். பிறகு சுவிச்சை மேலே தள்ளினார். "வயரடியிலை கை வைக்கேக்கை போட்டிருக்கக் கூடாது."

மூன்று திருகாணிகளைக் கழற்றினேன், ஒன்று துருப்பிடித்திருந்தது. தட்டைச் சாம்பலால் தேய்த்து, புத்தகங்களைச் சாய்வாக அடுக்கி நிறுத்தினேன். எட்டுப் பேரும் ஒரே பக்கத்தில் நெருங்கி இருந்தோம். இலக்கங்கள் தெரிந்தன. ஏழு இருபதுவரை பங்குடைமைக் கணக்கு செய்தோம். திங்கட்கிழமையும் வரச்சொன்னார் மாஸ்டர்.

மிச்சம் இரண்டு தட்டோடும் அந்த பல்ப் எரியும். சுவிச்சைத் திரும்பப் போடலாம் என்று அன்ரியிடம் சொல்வதா என்று வாசல் படலையடியில் நின்று யோசித்தேன். அது அவருக்குத் தெரியாமல் இராது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.