கூறைக்குத் தைத்த பிளவுஸ்

கிளிநொச்சியில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ராஜினிக்குச் சட்டைக் கொலர் தைக்கும் வேலை. ஆறு வருடங்களாகக் கொலர் மட்டும்தான். கை பொருத்துவது வேறொருத்தி, பொத்தான் வைப்பது இன்னொருத்தி. காலை ஏழரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் பின்னேரம் வரை வெள்ளைக் கொலர்களும் நீலக் கொலர்களும் அவள் கையைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

அவளுடைய சொந்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மரச்சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, முனையில் கொக்கி வைத்த ஊசியால் சரிகையும் மணியும் கோத்து எடுக்கிற ஆரி வேலை. யூடியூப்பைப் பார்த்துப் பழகியது. அண்ணிக்குப் பிள்ளை பிறந்தபோது பாரதிபுரத்து வீட்டுக்கு வந்த மருத்துவமாது கமலாசனி, சுவரில் சாய்த்து வைத்திருந்த சட்டத்தைக் கண்டு, தாயையும் பிள்ளையையும் மறந்துபோய் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது ஆர் செய்தது?"

"நான்தான் அக்கா."

"ஞாயிறு பின்னேரம் என்ரை வீட்டை வா. ஹோல் சும்மாதான் கிடக்கு. நான் துணிப் பொம்மை தைக்கிறனான். இன்னொரு பிள்ளையும் வாறவள், நல்லாப் படம் கீறுவாள்."

அந்த இன்னொரு பிள்ளை சாரங்கா. ஸ்கந்தபுரத்தில் வயலும் கிணறும் உள்ள குடும்பம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். ஆட்கள் வராத நேரத்தில் வெறும் மருந்துப் பெட்டிகளை விரித்து, உள்பக்கத்து மட்டையில் படம் வரைவாள். இருவருக்கும் ஒரே வயது. முதல் நாளே சாரங்கா வரைந்த ஒரு பூங்கொடியை ராஜினி துணியில் ஏற்றினாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. சாரங்கா வரைவாள், ராஜினி தைப்பாள். 'ஊசியும் கோடும்' என்ற பெயரில் முகநூலில் ஒரு பக்கமும் தொடங்கினார்கள். பெயர் வைத்தவள் சாரங்காதான்.

ராஜினிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் சாரங்கா வேலை முடிந்து ஸ்கூட்டியில் கஞ்சியோடு வந்தாள். குடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பாள். "நீ சுகப்பட்டு வந்து தைக்கோணும். இல்லாட்டி இதெல்லாம் வெறும் மட்டைதான்" என்பாள். ராஜினிக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லை. இவள் இருக்கிறாள் என்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது நினைத்துக்கொண்டாள்.

போன வருடம் சாரங்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை கிருசாந்தன், பாரிஸில் இருக்கிறவர். செய்தியைச் சொன்ன அதே மூச்சில் சாரங்கா ராஜினியின் கையைப் பிடித்தாள்.

"என்ரை கூறைச் சாறிக்கு நீதான் பிளவுஸ் தைக்கோணும். வேற ஆரும் தொடக்கூடாது."

"மயிலும் யானையும் எனக்கு வேண்டாம், சொல்லிப்போட்டன்," என்றாள் ராஜினி.

"ஆர் மயில் கீறினது? இதைப் பார்."

மட்டையில் பாலைப்பழக் கொத்து ஒன்று இருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பழங்கள், நீண்ட இலைகள். முதுகு முழுக்க அந்தக் கொத்து, கை ஓரங்களில் வயலில் வரிசையாக நிற்கும் கொக்குகள். ராஜினி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒன்றை எந்தக் கடையிலும் அவள் கண்டதில்லை.

நான்கு மாதம் தைத்தாள். ஒவ்வொரு பழத்துக்கும் மூன்று நிறத்தில் மணி வைத்து, வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறித் தெரியும்படி செய்தாள். கொக்கின் கால்கள் ஒற்றைச் சரிகை இழை. சரிவராத ஒரு கொக்கை ஐந்து தரம் பிரித்தாள். கடைசியில் அந்த வருடத்து லீவில் மிச்சமிருந்த ஒன்பது நாளையும் எடுத்துக்கொண்டு கமலாசனியின் ஹோலிலேயே இருந்தாள். முடித்த அன்று சாரங்கா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். படம் எடுத்தார்கள். கலியாணம் முடிந்த பிறகு முகநூல் பக்கத்தில் போடுவதென்று பேச்சு.

மண்டபத்தில் கூறை மாற்றிக்கொண்டு சாரங்கா மணவறைக்கு வந்தபோது, பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. ராஜினிக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த கமலாசனி அவள் தொடையில் தட்டினாள். "எல்லாற்றை கண்ணும் உன்ரை வேலையிலதான்."

தாலி கட்டி முடிந்து, படம் எடுக்கிற வரிசையில் ராஜினியும் கமலாசனியும் மேடைக்குப் போனார்கள். அங்கே கிருசாந்தனின் அக்கா சுகந்தினி, சாரங்காவின் கையைத் தூக்கிப் பிடித்து, பிரான்சிலிருந்து வந்திருந்த மற்றப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கை குடுத்துச் செய்வித்தனீர் சாரங்கா? நானும் பாத்துக்கொண்டே இருக்கிறன்."

ராஜினி இரண்டு அடி தள்ளி நின்றாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சாரங்கா இப்போது திரும்பிக் கையை நீட்டி, இவள்தான் என்று சொல்லப்போகிறாள். ராஜினி தன் சாறித் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"சென்னையில மச்சாள். அங்கை ஒரு கடைக்குச் சொல்லி எடுப்பிச்சது."

"அதானே பாத்தன்! இஞ்சை ஆர் இப்பிடிச் செய்வினம்? முதுகில இருக்கிறது என்ன, முந்திரிகைக் குலையோ?"

பாலைப்பழத்தைத் திராட்சை என்கிறவளுக்கு மறுப்புச் சொல்லாமல், சாரங்கா தலைப்பை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள்.

"ஓம். முந்திரிகைதான்."

அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ராஜினியைக் கண்டாள். சாரங்காவின் முகத்தில் பூசியிருந்ததையும் தாண்டி நிறம் மாறியது. சுகந்தினி திரும்பிப் பார்த்து, "இவை ஆர்?" என்றாள்.

"என்ரை சிநேகிதி மச்சாள். மற்றவா கமலா அக்கா."

"வாங்கோ வாங்கோ. பாத்தனீங்களே தங்கச்சி, என்ன வடிவான வேலை!"

"ஓம் அக்கா," என்றாள் ராஜினி. "வடிவாச் செய்திருக்கினம்."

கமலாசனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ராஜினி அவள் மணிக்கட்டை நோகும்படி இறுக்கினாள். படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னான். சிரித்தார்கள். கீழே வந்ததும் கமலாசனி கொதித்தாள்.

"ஏனடி பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீ?"

"அவளின்ரை கலியாணம் அக்கா. இண்டைக்கு வேண்டாம்."

வீட்டில் அம்மா, "எல்லாரும் பாராட்டினாங்களா?" என்று கேட்டாள். "ஆமா, எல்லாரும் பாத்தாங்க" என்றுவிட்டு ராஜினி படுத்துக்கொண்டாள்.

மூன்று ஞாயிறு சாரங்கா வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தாள். வெளியே வான் வண்டியில் கிருசாந்தன் காத்திருந்தார். சாரங்காவின் கழுத்தில் புதுத் தாலிக்கொடி, கையில் ஒரு பை. கமலாசனி தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டாள்.

"கோவமோ ராஜினி?"

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

சாரங்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். "எனக்கு வேற வழி தெரியேல்லையடி. அவை ஒண்டு கேட்டால் அதோட விடமாட்டினம். ஆர் தைச்சது, எந்த இடம், ஆற்றை பிள்ளை எண்டு துருவுவினம். நான் பாரதிபுரம் எண்டு சொன்னால்…"

"சொன்னால்?"

பாரதிபுரம் என்றாலே மலையகத்திலிருந்து வந்த தோட்டத்து ஆட்கள் என்று இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ராஜினியின் தாத்தா மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இனக் கலவரத்தில் எரிந்த லயத்து வீட்டை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டியவர். அது சாரங்காவுக்குத் தெரியும். ராஜினி வீட்டில் எத்தனையோ நாள் ரொட்டி தின்றிருக்கிறாள். அம்மாவின் மலையகப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, போகும்போதெல்லாம் "அம்மா, பசிக்குது" என்று விளையாடுகிறவள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்றுதான் இவ்வளவு காலமும் ராஜினி நம்பியிருந்தாள்.

"பாலைப்பழம் எண்டாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் ராஜினி. "அது நீ கீறினதுதானே."

சாரங்கா அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே பையைத் திறந்து ஊதா நிறப் பட்டுத் துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள்.

"மச்சாள் தனக்கும் ஒண்டு வேணுமாம். அந்தக் கடைக்கே சொல்லி எடுப்பிச்சுத் தரச் சொல்லி ஒரே கரைச்சல். நான் என்ன செய்ய? உன்னட்டைத்தான் வர ஏலும்."

ராஜினி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல துணி. ஊசி வழுக்கிக்கொண்டு போகும்.

"கடையிலேயே கேள் சாரங்கா."

"ராஜினி…"

"சென்னையில கடைதானே. கேட்டால் தருவினம்."

வெளியே வான் வண்டி ஹோர்ன் அடித்தது. சாரங்கா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. இரண்டு தரம் பிரித்து மடித்தாள். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். ராஜினி எழும்பவில்லை. தேத்தண்ணித் தட்டோடு வந்த கமலாசனி அதை மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் படங்களைப் பக்கத்தில போடு பிள்ளை. உலகம் பாக்கட்டும்," என்றாள்.

"போட்டால் அவளை அவையிட்டைக் காட்டிக் குடுத்த மாதிரி அக்கா. அங்கை போய் அவையோடதானே அவள் சீவிக்கோணும்."

"உனக்குச் செய்ததுக்குப் பிறகும் அவளுக்குத்தான் பாக்கிறாய்."

அது ஏன் என்று ராஜினிக்கே தெரியவில்லை.

சாரங்காவுக்குப் பிரான்ஸ் விசா வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் ஞாயிறுகளில் கமலாசனியின் ஹோலில் இரண்டு பேர்தான். ராஜினி இணையத்தில் கிடைத்த மயில்களைத் துணியில் பதித்துத் தைத்தாள். கேட்டவர்களுக்கு அவை பிடித்திருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளையில் கைபேசி அடித்தது. சாரங்காவின் பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது ராஜினி எடுத்துக் காதில் வைத்தாள். யாரோ ஆங்கிலத்தில் விமானங்கள் புறப்படும் நேரம் அறிவிப்பது கேட்டது. சக்கரப் பெட்டிகள் உருள்வது கேட்டது.

"சாப்பிட்டிட்டியா?" என்றாள் சாரங்கா.

"ஓம்."

"சரி." மூச்சு இழுக்கும் சத்தம். "அப்ப… நான் வைக்கட்டே?"

"ம்."

சோற்றுப் பெட்டி திறக்காமலே இருந்தது. மணி அடித்ததும் எழும்பி மெஷினுக்குப் போனாள். பிற்பகல் முழுக்கக் கொலரின் முனைகள் அவளுக்குக் கோணலாகவே வந்தன. மேற்பார்வை பார்க்கிற அக்கா ஒரு கொலர்க் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "என்ன ராஜினி, நீயா இப்பிடி?" என்றாள். ராஜினி குனிந்தபடி ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். வெள்ளைத் துணியில் கண்ணீர் பட்டுக் கறையாகிவிடுமோ என்று, புறங்கையால் துடைத்துக்கொண்டே பிரித்தாள்.