ஸ்டாஃபோர்ட் வெள்ளாடு

நெவில் ட்ராண்டர் மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததும், பீர் விற்கும் பக்கத்திலிருந்து எவனோ "மே...ஏ...ஏ" என்று கத்தினான். நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுபதை எட்டிப் பார்க்கும் மனிதனை ஆட்டுக்குரலில் வரவேற்றால் அவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். நெவிலுக்கும் எரிந்தது. ஆனாலும் இளித்துக்கொண்டே கையசைத்தான். இன்று ஒரு நாள் மட்டும் அவன் இளித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் வால்வர்ஹாம்ப்டனில் வருஷா வருஷம் கூடும், டின் பிஷப்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர் கூட்டம் அது. குழு கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பாடகன் போய்ச் சேர்ந்துவிட்டான், டிரம்காரன் ஸ்பெயினில் கோல்ஃப் ஆடுகிறான். ரசிகர்கள்தான் கலைய மாட்டேன் என்கிறார்கள். தொப்பைக்கு மேல் பொத்தான் எட்டாத ஜீன்ஸ் சட்டைகளை மாட்டிக்கொண்டு, பன்றிக்கறி பஃப்ஸைக் கடித்தபடி, மூன்றாவது ஆல்பம் உசத்தியா நான்காவது உசத்தியா என்று மதியத்திலிருந்தே அடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதுதான் உசத்தி. இதில் பேச என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான வேதம் ஒன்று உண்டு: 1974இல் ஸ்டாஃபோர்ட் கச்சேரியில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த கேசட். 'சாம்பல் கப்பல்' பாட்டில் கிதார் உச்சத்துக்கு ஏறி, பொட்டென்று நின்றுவிடும். அப்புறம் மௌனம். இசைத்தட்டில் அது ஒரு மூச்சளவுதான். மேடையில் பாடகன் அதை இழுப்பான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசி வரியை எப்போது எடுப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஸ்டாஃபோர்டில் இழுத்ததுபோல அவன் வேறெங்கும் இழுத்ததில்லை. அந்தத் தெய்வீக மௌனத்தின் நட்டநடுவில், பதிவு செய்த மைக்குக்குப் பக்கத்திலேயே நின்ற ஒரு மடையன் பொறுக்க முடியாமல் முந்திக்கொண்டு, அந்த வரியை மூக்கால் கத்தி, வரியின் கடைசியில் குரல் உடைந்து நிற்கிறான். உலகமெங்கும் அவனுக்கு ஒரே பெயர்தான்: ஸ்டாஃபோர்ட் வெள்ளாடு.

கேசட்டைப் பதிவு செய்தவன் நெவில். பழைய ராணுவக் கோட்டின் கைக்குள் மைக்கை ஒளித்துக்கொண்டு, கச்சேரி முடியும்வரை கை தட்டாமல், இருமாமல், உதட்டைக்கூட அசைக்காமல் மரம்போல நின்றான். பதிவு செய்பவன் பாடக் கூடாது, அதுதான் திருட்டுப் பதிவுக்காரர்களின் முதல் விதி. உயிருக்கு உயிராக நேசித்த பாட்டுக்கு வாயைத் திறக்காமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்று கத்தியவன் அவனுடைய பள்ளித் தோழன் பாரி ஹிங்லி.

பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று கேசட்டை வாங்கிப் போனான் பாரி. ரசிகர் பத்திரிகையை நடத்தியவனும் அவன்தான். அடுத்த இதழில் 'பதிவு: பாரி ஹிங்லி' என்று அச்சானது. அதோடு விட்டானா? அந்த வெள்ளாடு யார் என்று ஊரே கேட்டபோது, கொஞ்சமும் நா கூசாமல், "நெவ்தான், பாவம், அவனுக்கு ஆர்வக்கோளாறு" என்று தன் குரலைத் தோழன் தலையில் கட்டிவிட்டான். நெவில் கத்திப் பார்த்தான், கடிதம் எழுதிப் பார்த்தான். ஆடு கத்துகிறது என்று சிரித்தார்கள். அவனுடைய கல்யாணத்திலேயே எவனோ "மே" என்றான். மனைவி மோரீன் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

பாரி மட்டும் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் பாடியதில்லை. எப்போது கேட்டாலும் தொண்டை சரியில்லை என்பான். அது ஏன் என்று அவனைத் தவிர உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் பாரிக்குப் பாராட்டு. அந்தக் கேசட்டின் அட்டையைச் சட்டம் போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். செய்தி கேட்ட அன்று மோரீன் சொன்னாள்:

"போகாத. போனா அசிங்கப்பட்டுத்தான் வருவ."

"அசிங்கப்படத்தான் போறேன். ஆனா தனியா இல்ல."

வந்தவன் முதல் வேலையாக மேடையில் வாசிக்க இருந்த டட்லி ஊர்ப் பையன்களிடம் போனான். பையன்கள் என்றால் ஐம்பது வயது. டின் பிஷப்ஸ் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பவர்கள். கிதார்காரன் காதில் நெவில் சொன்னான்: "'சாம்பல் கப்பல்'ல அந்த கேப் வரும்ல, ஸ்டாஃபோர்டு மாதிரி இழு. நான் தலையாட்டுற வரைக்கும் கம்பியத் தொடாத." பிறகு பாரியின் மேஜைக்கு பீர் மேல் பீராக அனுப்பிவைத்தான்.

சங்கத் தலைவி ஜில், பாரியை மேடைக்கு அழைத்தாள். பாரி மூச்சு வாங்க ஏறி, ஸ்டாஃபோர்டில் தான் மரம்போல நின்ற கதையை உருக்கமாகச் சொன்னான். முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கதையை என் முன்னாலேயே சொல்கிறான் பார், என்று நெவிலுக்கு ரத்தம் கொதித்தது. கையைத் தூக்கினான்.

"ஜில், நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"மே...ஏ" என்றது கூட்டம். அவன் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தான்.

"ஆமாங்க, ஆடு வந்திருக்கேன். இத்தன வருஷமா நான் இல்ல நான் இல்லன்னு சாதிச்சேன். போதும். பாரி, உன் டேப்ப நான் கெடுத்துட்டேன்டா. மன்னிச்சிரு."

பாரியின் வாய் பிளந்தது. பிறகு அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. பொய் சொன்னவனுக்கு அந்தப் பொய்க்குச் சாட்சியே கிடைத்துவிட்டால் வேறு என்ன வேண்டும்?

"விட்றா நெவ். பழைய கதை," என்றான் பெருந்தன்மையாக.

"இல்ல மச்சி, ஒரு பரிகாரம் செஞ்சே ஆகணும். டேப் எடுத்ததால அன்னைக்கு உன்னால பாட முடியல. அந்தக் கடைசி வரி உனக்குச் சேர வேண்டியது. இன்னைக்கு நீ பாடு. நாங்க வாயத் தொறக்காம நிக்கிறோம்."

"தொண்டை சரியில்லடா..."

"தொண்டை எக்கேடோ கெடட்டும், பாடுங்க பாரி!" என்று யாரோ கத்தினார்கள். "பாரி! பாரி!" என்று மண்டபமே காலால் தரையைத் தட்டியது. வாழ்நாளெல்லாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஒரு கூட்டமே பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மனிதன் கிறங்கித்தான் போகிறான். அதோடு உள்ளே போன பீரும் இருந்தது. பாரி மைக்கை வாங்கிக்கொண்டான்.

கிதார் ஏறியது. உச்சிக்குப் போனது. நின்றது.

மண்டபத்தில் ஒரு செருமல் இல்லை. கிதார்காரன் நெவிலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெவில் தலையாட்டவில்லை. பாரி மைக்கை வாயருகே கொண்டுபோனான். காத்திருக்க வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, முடிவது வேறு. பொறுடா பொறுடா என்று நெவில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், வேண்டுமென்றே, எகத்தாளமாக. பாரியால் பொறுக்க முடியவில்லை. முந்திக்கொண்டு, மூக்கால், முழு மண்டபத்துக்கும் கத்தினான். வரியின் கடைசியில் அதே இடத்தில் குரல் உடைந்தது.

அங்கிருந்த ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டவர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் வாய்விட்டுச் சொன்னார்: "அடப்பாவி, ஆடு இவன்தான்யா!"

அப்புறம் கிளம்பியது "மே". இந்தத் தடவை மண்டபம் முழுக்க.

ஜில் சிரிக்கவில்லை. "டேப் எடுக்கிறவன் எவனாவது தன் மைக்குக்குப் பக்கத்துலயே நின்னு கத்துவானா? அப்ப அத எடுத்தது யாரு, பாரி?"

பாரி தரையைப் பார்த்தான். "நெவ்..."

"மைக்ல சொல்லுங்க."

"நெவில் ட்ராண்டர்."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஜில் சட்டம் போட்ட அட்டையை நெவிலிடம் நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெயர் இந்த வாயிலிருந்து வர வேண்டும் என்றுதான் அவன் இத்தனை வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டான். வந்தால் அழுதுவிடுவோம் என்றே நினைத்திருந்தான். அழுகை வரவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டு மேடைப் படியில் இறங்கப் பார்த்த பாரியின் முதுகு கண்ணில் பட்டது. போதவில்லை.

"அது கிடக்கட்டும் ஜில்," என்றான் நெவில். "மொதல்ல அவன இன்னொரு தடவ பாடச் சொல்லு."

பாரி படியிலேயே நின்றான். நெவில் கிதார்காரனைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் பாட்டை முதலிலிருந்து தொடங்கினான்.