முந்திக்கொண்ட வாழ்த்து

எங்கள் கடலோர ஊரான சான் எலியாஸில் ஒருவர் எதில் தேறினாலும் மறுநாள் தெருமுனையில் பிளெக்ஸ் தொங்கியாக வேண்டும். நர்சு ஆனாலும் சரி, கப்பலில் வேலை கிடைத்தாலும் சரி, முகம் பெரிதாக, பல் தெரிய. அதைவிடப் பெரிதாகப் பக்கத்தில் கவுன்சிலர் போர்தோனெஸின் முகம். அத்தனையையும் அச்சடிப்பவள் நான், நெனெத். வாழ்த்தி வாழ்த்தியே ஊரைக் காலி செய்தவள் என்று என் தங்கை கேலி செய்வாள். அதில் பொய்யில்லை. போனவர்கள் கிறிஸ்துமஸுக்குச் சாக்லேட்டோடு வருவார்கள், புத்தாண்டு முடிந்ததும் பறந்துவிடுவார்கள்.

தங்கை ஜெமலின் வக்கீல். கடலோரக் குடிசைக்காரர்களின் வழக்குகளை எடுத்துக்கொண்டு, கட்டணமாக நண்டு வாங்கி வருகிறவள். அவளுக்கு இங்கிலாந்து போய் சர்வதேச மனித உரிமைச் சட்டத்தில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, நேர்காணல் வரை வந்தும்விட்டாள். அது கிடைத்தால்தான் போக முடியும். எங்கள் இருவரையும் சேர்த்து விற்றாலும் அந்தப் படிப்புக்குக் காணாது.

நான் அவசரக்காரி. திருவிழா பிளெக்ஸுகள் ஓட்டி முடித்தபோது பிளெக்ஸ் சுருளின் கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று அவளுக்கான வாழ்த்தை அப்போதே அடித்துவிட்டேன். பெயர், படிப்பு, இங்கிலாந்து எல்லாம் போட்டு, சிரித்த முகத்தோடு. மை காயட்டும் என்று என் அச்சுக்கடையின் பின்சுவரில் தொங்கவிட்டேன். யார் கண்ணிலும் பட வேண்டாமென்று மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கிளிப் போட்டு மாட்டினேன்.

நேர்காணல் நாள் பார்த்து அவள் அலுவலகத்தில் இணையம் படுத்துவிட்டது. மடிக்கணினியை அணைத்துக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தாள்.

"மனாங், உன் லைன் வேலை செய்யுதா?" எங்கள் ஊரில் அக்காவை மனாங் என்றுதான் கூப்பிடுவோம்.

"செய்யுது. ஆனா அந்தச் சுவர்ப் பக்கம் உக்காராத."

"ஏன்? பின்னாடி வெள்ளையா, டீசன்ட்டா இருக்கு. நீ கொஞ்சம் வாய மூடிட்டு இரு, போதும்."

எனக்கு வேறு வழியில்லை. திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் நீலச் சால்வை போர்த்திய ஒரு பெரியம்மா. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். ஜெமலின் பள்ளி விழாவில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தாள். உலக நீதி, மனித மாண்பு, சமத்துவம். பெரியம்மாவின் கண் மெல்ல மேசைக்கு இறங்கியது. அவர் காலையிலிருந்து இதையேதான் கேட்டிருப்பார்.

ஜெமலினின் நெற்றியெல்லாம் வேர்வை. மின்விசிறியைப் போடு என்று கையை ஆட்டினாள். போட்டேன். துணி ஒரு முறை படபடத்தது, கிளிப் தெறித்தது, மொத்தமும் கீழே விழுந்தது.

உலகச் சமத்துவம் பேசிக்கொண்டிருந்த ஜெமலினுக்குப் பின்னால், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பெரிய ஜெமலின்.

பெரியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முடிவு எங்களுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு போலிருக்கே."

ஜெமலின் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் சுருளுக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். வாழ்வு போச்சு, நானே கெடுத்துவிட்டேன் என்று அழுகை முட்டியது.

ஆனால் அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ஒப்பித்த குரலைக் கழற்றி வைத்தாள்.

"அது என் அக்கா பண்ண வேலை. அவளுக்குப் பொறுமை கிடையாது. நான் வக்கீல் பரீட்சை பாஸ் பண்ணப்பவும் இப்படித்தான் ஒண்ணு அடிச்சா. அந்த பிளெக்ஸ் என்னாச்சுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கடலோரத்துல பெத்தாங் அத்தைன்னு ஒருத்தங்க, மீன் விக்கிறவங்க. மழை ஒழுகுதுன்னு அத வாங்கிட்டுப் போய்க் கூரையா போட்டுக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்கு மேல என் முகம். அந்த எடத்த ஒரு கம்பெனி கேட்டுச்சு. நான்தான் வழக்காடினேன். ஜனங்கள இப்படி விரட்டக் கூடாதுன்னு எங்க நாடே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்குன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் வெளிநாட்டுல படிச்சவர். அதே ஒப்பந்தத்த எடுத்து, இவங்களுக்கு அது பொருந்தாதுன்னு சிரிச்சுக்கிட்டே பேசினார். அவர் சொல்றது தப்புன்னு தெரியும். ஏன் தப்புன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியல. வாயடைச்சு நின்னேன்."

ஜெமலின் பின்னால் சுவரில் சிரித்த தன் முகத்தைக் கையால் காட்டினாள்.

"பாதி வீட்ட இடிச்சாங்க. பெத்தாங் அத்தை கூரை சேத்துல கிடந்துச்சு. இடிக்க வந்தவங்க என் முகத்து மேலயே நடந்து போய் அடுத்த வீட்ட இடிச்சாங்க. மிச்சப் பாதிக்கு அப்பீல் போட்டிருக்கேன். அந்த வக்கீல் எங்க உக்காந்து படிச்சாரோ அங்க நானும் உக்காரணும். அவ்வளவுதான். உலக நீதியெல்லாம் சும்மா எழுதி மனப்பாடம் பண்ணது."

ஓரத்திலிருந்தவர் கேட்டார்: "அப்போ கோபத்துலதான் படிக்க வர்றீங்களா?"

"ஆமா சார். நல்ல கோபம். இன்னும் ஆறல."

"படிச்சு முடிச்சா அங்கேயே வேலை கிடைக்கும். திரும்பிப் போவீங்களா?"

நானும் அதைத்தான் இத்தனை நாளாகக் கேட்க நினைத்து, பயந்து விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"நான் திரும்பி வரலைன்னா, என் முகத்த மிதிச்சது சரின்னு ஆயிரும் சார்," என்றாள் ஜெமலின்.

பெரியம்மா இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "உங்க அக்காவ அந்தப் படத்த பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுங்க," என்றார்.

சில வாரம் கழித்து, நான் சூப்பு நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது ஜெமலின் கடைக்குள் வந்தாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த அந்த வாழ்த்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

"தெருமுனையில கட்டு, மனாங்," என்றாள். நான் கிண்ணத்தோடு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். சூப்பு அவள் சட்டை முழுக்க. இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

மாலையே போர்தோனெஸ் வந்துவிட்டார்.

"நெனெத், என் போட்டோவ விட்டுட்டியே. ஓரமா ஒரு இடம் பாரு."

"வீடு இடிச்சப்ப உங்கள ஓரமாக்கூடப் பாக்கலையே கவுன்சிலர். இதுல இடம் இல்ல. கழிவறை திறப்பு விழா ஏதாவது இருந்தா சொல்லுங்க, முகத்த பெருசா போட்டுத் தர்றேன்."

கடையே சிரித்தது. எனக்கு ஜென்ம சாபல்யம்.

புறப்படும் நாளில் விமான நிலையத்துக்குக் கடலோர வழியாகத்தான் போக வேண்டுமென்று ஓட்டுநரிடம் அடம்பிடித்தேன். மிச்சமிருந்த குடிசைகளுக்கு முன்னால், இரண்டு தென்னைகளுக்கு நடுவே புது பிளெக்ஸ் தொங்கியது. நான் அடித்துக் கொடுத்ததை ராத்திரியே ஆட்கள் கட்டிவிட்டிருந்தார்கள். அதுவரை வாழ்நாளில் ஒரு முறைகூட நான் அடித்திராத வாசகம்: திரும்பி வந்த எங்கள் வக்கீலுக்கு நல்வரவு.

ஜெமலின் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "மனாங், நான் இன்னும் போகவே இல்லையே."

"தெரியும். போன தடவையும் முந்திதான் அடிச்சேன். பலிச்சுதா இல்லையா?"

பெத்தாங் அத்தை மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வீடு இடிபட்டதிலிருந்து அவர் தலைக்கு மேல் இருப்பது அவர் அக்கா வீட்டுக் கூரை. ஜெமலினின் கன்னத்தில் உப்புக் கையால் தட்டினார்.

"எவ்வளவு மழை பெய்ஞ்சாலும் இத நான் கூரைக்கு எடுக்க மாட்டேன், அட்டர்னி. நீ வந்து உன் கையால அவுத்துக் குடு. அப்ப போட்டுக்கறேன், என் சொந்த வீட்டு மேல."