பெரிய புத்தகம், சின்ன எண்

அண்ணி அழகு நிலையம் நடத்துகிறாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் மதிய இடைவேளையில் அங்கே வந்துவிடுவாள். மற்ற வீடுகளில் அண்ணியும் நாத்தனாரும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பார்கள். இவர்கள் சேர்ந்து மல்லுக்கு நின்றது ஒரு பழைய எண்கணிதப் புத்தகத்தோடு. அதை எழுதியவர் மகா கஞ்சர். ஒரு பக்கம் விளக்க வேண்டியதை 'இது தெளிவு' என்று முடித்துவிடுவார்.

பள்ளியில் 'உன் மண்டையில் கணக்கு ஏறாது' என்று சொல்லிச் சொல்லியே அண்ணியை ஓரங்கட்டியிருந்தார்கள். அது மெய்யா பொய்யா என்று பார்க்கத்தான் புத்தகத்தையே வாங்கினாள். இப்போது ஒரு பயிற்சியில் வாரக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பகா எண்ணின் வர்க்கத்தோடு இரண்டைக் கூட்டினால் பகா எண்ணே வருகிறதா? அப்படியானால் அதன் கனத்தோடு இரண்டைக் கூட்டினாலும் பகா எண்ணே வரும் என்று நிறுவ வேண்டும்.

"இன்னிக்கும் வரலைன்னா மூட்டை கட்டிடறேன். அவங்க சொன்னது சரிதான்னு ஒத்துக்கறேன்" என்றாள் அண்ணி.

நாத்தனார் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "தொண்ணூத்தேழு போட்டுப் பாருங்க அண்ணி."

"பார்த்தாச்சு. மூணால வகுபடுது. நூத்தியொண்ணும் அப்படித்தான். எதைப் போட்டாலும் மூணு வந்து வழியை மறிக்குது."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "எரியுதும்மா" என்றார். அவர் தலையை அலசும்போதும் அண்ணியின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

"மூணால வகுபடாத எண்ணோட வர்க்கத்தை மூணால வகுத்தா மீதி ஒண்ணு. அதோட ரெண்டைச் சேர்த்தா மூணாயிடுது, மூணால வகுபட்டுடுது. அப்ப எதுவுமே தேறாது, மூணைத் தவிர."

நாத்தனார் அவசரமாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. இருபத்தேழும் இரண்டும் இருபத்தொன்பது. இரண்டுமே பகா எண்கள்.

"அவ்வளவுதானா? நாம ஏன் அண்ணி மூணைப் போட்டே பார்க்கலை?"

"இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு முன்னாடி மூணைப் போட வெக்கமா இருந்துச்சு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலை துவட்டிக்கொண்டிருந்தவரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எனக்குக் கணக்கு வருது" என்றாள் மெதுவாக.

"அது எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி."

"எனக்கு இப்பதான் தெரியும்."